லண்டன் விசாக் கட்டண விலக்குக்கு ஆவணங்கள் தயாரித்துத் தந்த திருகோணமலைக் கடை

மத்திய வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், தையல்கடைக்கும் கைப்பேசி திருத்தும் கடைக்கும் நடுவே இந்தக் கடை இருக்கிறது. மொழிபெயர்ப்பு, தட்டச்சு, ஸ்கேன் என்று மூன்று மொழிகளிலும் எழுதிய ஒரு தகரப் பலகைதான் அடையாளம். நடத்துபவர் ஓய்வுபெற்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளர், சத்தியப்பிரமாணம் செய்தவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். போட்டோக்கொப்பிக் கடைகளில் "லண்டன் பேப்பர் செய்யிற அக்கா" என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

அந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். மொழிபெயர்ப்பு செய்யும் கடைகள் ஊரில் நிறைய உண்டு. கையில் காசில்லாத குடும்பம் ஒன்று அந்த நிலைமையை மரியாதையாக, ஒழுங்காக, ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல உதவும் கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

முதலில் எங்கள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உப்புவெளிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. மாதம் கைக்கு வருவது 20,000 ரூபாய்கூட இல்லை. என் கணவர் இங்கிலாந்தில் நிரந்தர வதிவிடம் உள்ளவர். மாமிக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவர்தான் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். அதற்காக அந்த அரசாங்கம் கேரர்ஸ் அலவன்ஸ் கொடுக்கிறது. வாரத்துக்கு 35 மணித்தியாலமாவது ஒருவரைப் பராமரித்தால்தான் அது கிடைக்கும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு வருடத்துக்கு அது வாரம் 83.30 பவுணாக இருந்தது. வேலை செய்யலாம், ஆனால் செலவுகள் கழித்து ஒரு வரம்புக்கு மேல் உழைத்தால் அந்த உதவி நின்றுவிடும். அந்த வருடம் வரம்பு வாரம் 196 பவுண். அதனால் அவர் ஒரு பலசரக்குக் கடையில் சில மணித்தியாலங்கள் மட்டும் நிற்கிறார்.

இப்போது கட்டணத்தைப் பாருங்கள். நாங்கள் விண்ணப்பித்தபோது வெளிநாட்டிலிருந்து வாழ்க்கைத் துணையாகப் போவதற்கான விசாக் கட்டணம் 1,938 பவுண். அதோடு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண். விசா 33 மாதத்துக்குத் தருகிறார்கள், சுகாதாரக் கட்டணத்தை மூன்று வருடத்துக்கு அறவிடுகிறார்கள். அது 3,105. இரண்டும் சேர்ந்து 5,043 பவுண், எங்கள் காசில் இருபது இலட்சத்துக்கு மேல். காணி இருந்தால் விற்கலாம். எங்களுக்குக் காணி இல்லை.

இந்தக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம் என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கணவர் அங்கே ஒரு சட்ட உதவி நிலையத்தில் கேட்டதால். குடும்ப வாழ்க்கை உரிமையின் அடிப்படையில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர், தானும் அங்கே உள்ள துணையும் கட்டணத்தைக் கட்ட முடியாத நிலையில் இருப்பதைக் காட்டினால், விசா விண்ணப்பத்துக்கு முன்பே தனியாக ஒரு விண்ணப்பம் போடலாம். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. சாதாரணமாகத் துணையைக் கூப்பிட வருடத்துக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும். அந்த அளவு உழைப்பவருக்குக் கட்டணம் கட்ட முடியாது என்று நிரூபிப்பது கஷ்டம். கேரர்ஸ் அலவன்ஸ் போன்ற குறிப்பிட்ட சில உதவிகள் பெறுபவருக்கு அந்த 29,000 கணக்கு இல்லை. வீட்டு வாடகை போக மிஞ்சும் வருமானம், அங்கே அரச உதவியில் வாழும் ஒரு தம்பதிக்குக் கிடைப்பதற்குக் குறையாமல் இருந்தால் போதும்.

கொழும்பில் ஒரு விசா முகவர் நிலையத்தில் இதைக் கேட்டபோது, "கட்டணம் கட்டக் காசில்லை என்று எழுதினால், மனைவியை எப்படி வைத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டு விசாவையும் மறுப்பார்கள், கடன் வாங்கியாவது கட்டுங்கள்" என்றார்கள். தாங்களே கடன் ஒழுங்குசெய்து தருவதாகவும் சொன்னார்கள். வட்டியைக் கேட்ட பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அவர்கள் எழுப்பிய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விசாவுக்கு, வாழப் போதுமான வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும். விலக்குக்கு, 5,043 பவுணை எடுத்து வைக்க வழியில்லை என்பதைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் காட்டப்போவது ஒரே வங்கிக் கணக்கு. இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டாது என்பதை முதல் சந்திப்பிலேயே எனக்கு விளங்க வைத்தவர் அக்கா. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் மாத வருமானம். மறுபக்கம் வாடகை, மின்சாரம், சாப்பாடு, மாமியின் வைத்தியசாலைப் போக்குவரத்து, எனக்கு அனுப்பும் காசு. கீழே மிஞ்சுவதை எழுதினார். "பாருங்க தங்கச்சி, சாப்பிடக் காணும். சேர்க்கக் காணாது. இதைத்தான் நாங்க சொல்லப் போறம், வேற ஒண்டும் இல்ல" என்றார். அந்தத் தாளை இன்னும் கோவைக்குள் வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்பே அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சட்ட ஆலோசனை தன் வேலை இல்லையாம். எங்கள் வழக்கு விதிக்குள் வருகிறதா என்பதை அங்கே உள்ள பதிவுபெற்ற ஆலோசகரிடமோ சொலிசிட்டரிடமோ கணவர் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்குவேன் என்றார். இங்கிலாந்தில் தகுதி இல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். சொலிசிட்டர் போன்ற சட்டத்தரணிகளைத் தவிர மற்றவர்கள் இமிகிரேஷன் அட்வைஸ் அதோரிட்டியில் பதிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் திருகோணமலையில் ஒரு கடையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அக்கா அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. எல்லாம் தெரியும் என்று சொல்லிக் காசு வாங்கும் ஆட்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் வேலை தொடங்கியது. ஆறு மாதத்து வங்கி ஸ்டேட்மென்ட் வேண்டும், என்னுடையதும் அவருடையதும், எத்தனை கணக்கு இருந்தாலும் எல்லாவற்றுக்கும். நான் பாஸ் புத்தகத்தைக் கொண்டுபோனேன். அதைப் பார்க்கவே இல்லை. வங்கியில் போய், பெயரும் முகவரியும் உள்ள, முத்திரை குத்திய ஆங்கில ஸ்டேட்மென்ட் எடுத்துவரச் சொன்னார். கொண்டுபோனதும் ஒரு பென்சிலும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

ஒரு வரியில் பென்சில் நின்றது. ஒரே நாளில் 150,000 ரூபாய் வரவு. "இது எங்கயிருந்து வந்த காசு?" என்றார். அது சீட்டுக் காசு. எங்கள் ஒழுங்கையில் பதினைந்து பேர் சேர்ந்து மாதம் பத்தாயிரம் போடும் சீட்டு. என் தவணையை நானும் அம்மாவும் அரைவாசி அரைவாசியாகப் போட்டுவந்தோம். எங்கள் முறை அந்த மாதம் விழுந்தது. இரண்டு வாரத்துக்குள் பெரும்பகுதி வெளியே போய்விட்டது, தம்பியின் படிப்புக் கட்டணத்துக்கும் கூரை மாற்றவும்.

நமக்கு இது அன்றாட விஷயம். ஆனால் ஷெஃபீல்டிலோ வேறெங்கோ உட்கார்ந்து பார்க்கும் ஓர் அதிகாரிக்கு, 20,000 ரூபாய் வருமானம் என்று சொல்லும் பெண்ணின் கணக்கில் திடீரென்று ஒன்றரை இலட்சம் வந்து, கெதியாக வெளியே போவதுதான் தெரியும். காசை மறைக்கவோ வேண்டுமென்றே செலவழிக்கவோ செய்தார்களா என்று அவர்கள் பார்ப்பார்கள். அது அவர்கள் விதியிலேயே உண்டு. "அவங்க கேக்க முதல் நாங்க சொல்லிருவம்" என்றார் அக்கா. சீட்டுப் பிடிப்பவரிடம் போய், அவர் வைத்திருக்கும் கொப்பியில் என் பெயர் உள்ள பக்கங்களைப் பிரதி எடுத்து, ஒரு கடிதமும் கையொப்பத்தோடு வாங்கிவரச் சொன்னார். சீட்டுப் பிடிக்கும் அன்ரி முதலில் பயந்தார், தன் பெயர் லண்டனுக்குப் போவதா என்று. அக்காவே தொலைபேசியில் கதைத்து, எதற்கு என்று ஆறுதலாக விளக்கிய பிறகுதான் எழுதித் தந்தார். கூரைத் தகடு வாங்கிய பற்றுச்சீட்டு, தம்பியின் கட்டண ரசீது எல்லாம் அதோடு சேர்ந்தன. இந்தச் சீட்டு எப்படி நடக்கிறது, யார் யார் போடுகிறார்கள், ஒருவருக்கு முறை வந்த பிறகும் ஏன் மாதாமாதம் கட்ட வேண்டும் என்பதை அக்கா ஆறேழு வசனங்களில் எழுதினார். என் கணவரின் ஆலோசகர் அதைப் படித்துவிட்டு ஒரு சொல்லும் மாற்றவில்லை.

அடகும் அப்படித்தான். என் இரண்டு காப்பும் ஒரு சங்கிலியும் வங்கியில் இருந்தன. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அக்கா அதை மிக இயல்பாகக் கேட்டார், "ஈடு வச்ச துண்டு இருக்கா?" என்று. இருந்தது. அடகுச் சீட்டு என்பது தேதியும் தொகையும் வங்கியின் முத்திரையும் உள்ள சான்று. ஆறு மாதத்தில் வட்டி மட்டும் கட்டி நகையைத் திருப்ப முடியாமல் இருந்ததை, நான் பத்துப் பக்கம் எழுதினாலும் காட்டாத அளவுக்கு அந்த ஒரு துண்டு காட்டியது. அம்மாவுக்கு வரும் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவியின் கடிதத்தையும் சேர்த்தார். நான் அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பதால், அந்த வீட்டின் நிலைமைக்கு அதுவும் ஒரு சாட்சி.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, அவர் இரண்டு நாட்டு ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்த அட்டவணை. கணவர் கணக்கிலிருந்து 60 பவுண் போன நாள், இங்கே என் கணக்கில் ரூபாய் வந்து விழுந்த நாள், இடையில் அனுப்பும் நிறுவனம் எடுத்த கட்டணம், அன்றைய மாற்று வீதம். ஒவ்வொரு மாதமும். ஒரு மாதம் பொருந்தவில்லை. தேடிப் பார்த்தால், அந்த மாதம் அவர் நண்பர் ஒருவர் கையில் காசு கொடுத்துவிட்டிருந்தார், ஊருக்கு வந்தவர் அம்மாவிடம் நேரே தந்தார். அதையும் எழுதினோம். படிப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடிய இடம் ஒன்றையும் அக்கா விட்டுவைக்கவில்லை. இதற்கு அவர் தனிக் கட்டணம் வாங்கவில்லை என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பின் தரம் பற்றி: திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஜீ.எஸ். (கிராம சேவகர்) தந்து பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய வருமானச் சான்றிதழ், சீட்டுக் கடிதம் எல்லாம் தமிழில் இருந்தன. ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் அடியிலும், இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் இருக்கின்றன. அந்த நாட்டவர்கள் கேட்பது இதைத்தான், வெறும் முத்திரை போதாது. என் அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் என் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் வரும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையே எடுத்துக்கொண்டு, வேறுபாட்டைக் கீழே ஒரு குறிப்பாகப் போட்டார். திருத்தி எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் கடைகளும் உண்டு. அது பிறகு தலையிடியில் முடியும்.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை, மறைப்பு இல்லாதது. கடை மிகச் சிறியது, ஒரே மேசை, பின்னால் வாங்கில் இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள். என் வங்கிக் கணக்கையும் அடகுத் துண்டையும் விரித்து வைத்து அக்கா கேள்வி கேட்கும்போது எல்லோருக்கும் காது கேட்கும். இது சின்ன ஊர். யார் வீட்டில் என்ன ஈடு வைத்திருக்கிறது என்பது மறுநாள் கோயிலில் கதையாகிவிடும். ஒரு திரைச்சீலையாவது போடுங்கள் என்று அவரிடமே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். காசு கஷ்டத்தைச் சொல்ல வருபவருக்கு அந்த ஒரு திரை பெரிய உதவி. அதுவரை, மத்தியான இடைவேளை முடிந்து கடை திறக்கும் நேரத்தில் போனால் ஆட்கள் குறைவு.

வேகமும் குறைவு. ஒரு நாளில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்து வராதீர்கள். எல்லா வரியையும் அவரே படிக்கிறார், உதவிக்கு இருக்கும் தம்பி ஸ்கேன் மட்டும்தான். அந்தத் தம்பி ஸ்கேன் செய்த சில பக்கங்கள் சரிந்து ஓரம் வெட்டுப்பட்டு வந்தன, திரும்பச் செய்வித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோக முன் ஒவ்வொரு பக்கத்தையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

விலை நியாயம். சான்றிதழ் மொழிபெயர்ப்புக்குப் பக்கம் 1,500 ரூபாய் வாங்கினார், ஒரே ஆவணத்தின் மேலதிகப் பிரதிக்கு அதில் ஒரு சின்னப் பங்கு. விளக்கக் கடிதம் தட்டச்சுக்கு வேறு. மொத்தக் கணக்கையும் தொடக்கத்திலேயே எழுதித் தந்தார், முடிவில் அதைவிடக் கூடவில்லை.

இங்கிலாந்து அரசாங்கத்தின் இணைய விண்ணப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தச் சேவையின் மறுபாதி அதுதான். படிவம் இலவசம், கேள்விகள் தெளிவு. ஆனால் தமிழ் இல்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆனது, இடையில் எங்கே நிற்கிறது என்று அறிய வழியில்லை. அந்தக் காத்திருப்புதான் எங்களை மிகவும் வாட்டியது. மாமியின் உடம்பு யாருக்காகவும் காத்திருக்காது. கடைசியில் விலக்குக் கிடைத்தது, விசாக் கட்டணத்துக்கும் சுகாதாரக் கட்டணத்துக்கும். மின்னஞ்சலில் ஒரு குறியீடு வரும். அதை வைத்துத்தான் விசா விண்ணப்பத்தைக் காசு கட்டாமல் அனுப்பலாம், அதற்குக் காலக்கெடு உண்டு. எங்கள் விசா விண்ணப்பம் போய்விட்டது, முடிவு இன்னும் வரவில்லை. விலக்கை மறுத்திருந்தால்கூட, புதிய சான்றுகளோடு திரும்பக் கேட்கலாம், அல்லது கட்டணம் கட்டிப் போகலாம். விலக்குக் கேட்டதே விசாவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி என்று முகவர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

விலக்குக்குள் அடங்காத செலவுகளும் உண்டு, அவற்றுக்குத் தயாராக இருங்கள். காசநோய்ப் பரிசோதனை கொழும்பில் ஐ.ஓ.எம். (புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நிலையத்தில். ஆங்கிலப் பரீட்சை ஏ1 என்ற ஆரம்ப நிலையில், கேட்பதும் பேசுவதும்தான். கைரேகை கொடுக்கவும் கொழும்புக்குத்தான் போனேன். இரவு பஸ், தங்குமிடம் எல்லாம் சேரும். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். ஆகவே விலக்கு முடிவு வர முன் ஓடிப்போய்ப் பரிசோதனை செய்யாதீர்கள், காத்திருக்கும்போதே காலாவதியாகிவிடும். கணவரின் ஆலோசகர் சொன்ன இந்த ஒரு வார்த்தை எங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்தியது.

யார் இந்தக் கடைக்குப் போகலாம்? அங்கே உள்ள துணை குறைந்த வருமானத்தில், கேரர்ஸ் அலவன்ஸோ உடற்குறைக்கான உதவியோ பெறுபவராக இருந்து, நீங்கள் இங்கே சீட்டு, அடகு, கைமாற்று என்று வாழ்பவராக இருந்தால் யோசிக்காமல் போங்கள். வெறும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கெதியாக மொழிபெயர்க்க வேண்டும் என்றால் வேறு கடை போதும், அக்காவின் நேரத்தை எடுக்க வேண்டாம். யாராவது ஒருவர் அவர் மேசைக்கு முன்னால் ஈடு வைத்த துண்டோடு காத்திருப்பார்.

ஞாயிறும் போயா நாளும் பூட்டு. மற்ற நாள்களில் காலை ஒன்பதுக்குத் திறந்து பன்னிரண்டரைக்கு மூடி, இரண்டரைக்குத் திரும்பத் திறப்பார். அட்டை எடுப்பதில்லை, காசுதான். போகும்போது ஆறு மாத ஸ்டேட்மென்டை வங்கியில் முத்திரையோடு எடுத்துக்கொண்டு, துணையின் உதவிப்பணக் கடிதத்தையும் அங்கிருந்து அனுப்பச் சொல்லிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அக்கா கோவையைத் திறக்கவே மாட்டார்.